சேல்ஸ்காரர் டைரியும் சி.ஆர்.எம்.மும்

சில வருடங்களுக்கு முன் விவசாய பம்புசெட் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு சி.ஆர்.எம். அமைத்துக் கொடுத்தோம். வாடிக்கையாளர் யார், அவரிடம் கடைசியாக என்ன பேசினோம், ஆர்டர் எந்த நிலையில் நிற்கிறது என்றெல்லாம் பதிந்து வைக்கிற மென்பொருள். மூன்றாவது மாதம் சும்மா ஒரு க்வெரி போட்டுப் பார்த்தேன், எந்த நேரத்தில் பதிவுகள் வருகின்றன என்று. முக்கால்வாசி சனிக்கிழமை சாயந்திரம். வாரம் முழுக்க நடந்த சந்திப்புகள் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் கொட்டப்பட்டிருந்தன. குறிப்பு என்ற கட்டத்தில் எல்லாரும் ஒரே மாதிரி: "பார்த்தேன். ஃபாலோ அப்."

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் ரிவ்யூ. விஷயம் அவ்வளவுதான்.

ஒரு நாள் சேல்ஸ்காரர் ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பவானி, கோபி பக்கம் போனேன். சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி. ஒவ்வொரு கடை வாசலிலும் அதைப் புரட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். எட்டிப் பார்த்தேன். "மஞ்சள் வித்த பிறகுதான் இவருக்கு வசூல் வரும், மாசி வரை நெருக்க வேண்டாம்." "போன தடவை வந்த மோட்டாரில் சீல் லீக், மாத்தித் தரேன்னு சொல்லியிருக்கேன்." எங்கள் திரையில் 22 கட்டங்கள் இருந்தன. தொழில் வகை, ஆண்டு விற்றுமுதல், வெற்றி வாய்ப்பு சதவீதம்... இந்த இரண்டு வரியை எழுத இடமில்லை.

ஏன் சிஸ்டத்தில் எழுதுவதில்லை என்று கேட்டேன். "இதுல எழுதுனா எனக்கே திரும்பி வருதுங்க சார். உங்க கம்ப்யூட்டர்ல எழுதுனா மேனேஜருக்குப் போகுதுங்க" என்றார்.

ஜோனதன் க்ரூடின் என்ற ஆராய்ச்சியாளர் 1988-லேயே இதை எழுதிவிட்டார். பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள் ஏன் தோற்கிறது என்பது அவர் கட்டுரையின் கேள்வி. அவர் சொன்ன முக்கியமான காரணம், வேலை ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. மீட்டிங் நேரத்தைத் தானே குறிக்கும் காலண்டர் அவர் தரும் உதாரணங்களில் ஒன்று. பலன் மீட்டிங் கூட்டுபவருக்கு. காலண்டரை நிரப்பி வைக்கும் பாடு மற்ற எல்லாருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வகை மென்பொருள் ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1987-ல் வந்த 'ஆக்ட்' என்ற டாஸ் மென்பொருள், சேல்ஸ்காரர் தன் கம்ப்யூட்டரில் தனக்காக வைத்துக்கொள்ளும் முகவரிப் புத்தகம் மாதிரிதான். 1993-ல் தொடங்கிய சீபெல், 1999-ல் வந்த சேல்ஸ்ஃபோர்ஸ் எல்லாம் கம்பெனிக்கு விற்கப்பட்டவை. காசு கொடுத்து வாங்குபவர் மேனேஜர், தட்டச்சு செய்பவர் வேறு ஆள். வாங்குபவர் கேட்கும் ரிப்போர்ட்டுக்கு ஏற்பத்தான் கட்டங்கள் பெருகும். நானும் அப்படித்தான் 22 கட்டம் போட்டேன்.

திரும்பி வந்து நான்காகக் குறைத்தோம்: யார், என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், அடுத்து எப்போது. அதைவிட முக்கியம், சிஸ்டம் முதலில் கொடுக்க ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்கு அன்றைய ரூட்டில் உள்ள கடைகள் போனுக்கு வரும். கூடவே டேலியிலிருந்து எடுத்த பாக்கித் தொகை, கிளம்பாத சரக்கு, போன முறை கொடுத்த வாக்கு. முன்பெல்லாம் பாக்கி தெரிய அக்கவுண்ட்ஸுக்கு போன் போட்டுக் காத்துக் கிடப்பார்கள்.

பெரிய சண்டை வந்தது சொந்தக் குறிப்பு என்ற கட்டத்துக்கு. எழுதியவருக்கு மட்டுமே தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. "நான் வாங்குன சாஃப்ட்வேர்ல எனக்கே தெரியாத இடமா?" என்று அவர் கொதித்தார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலாளி பார்த்து, இருக்கட்டும் என்றார்.

ஆனால் மென்பொருளால் தீராத ஒன்றும் இருந்தது. எங்களுக்கு முன்பே அங்கே ஒரு சீனியர், கடைக்காரர்களின் விவரம் முழுவதையும் எக்செல்லில் ஒழுங்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதத்தில் அவருடைய இரண்டு நல்ல ஊர்கள், பாதிச் சம்பளத்தில் வந்த புதுப் பையனுக்குப் போய்விட்டன. டீம் முழுக்க இந்தக் கதை தெரியும். சேல்ஸ்காரருக்கு உறவுதான் மூலதனம். அதை எழுதிக் கொடு என்றால் ஏன் கொடுக்க வேண்டும்? ஊரை மாற்றினாலும் ஒரு வருடத்துக்கு பழைய ஆளுக்குக் கமிஷனில் பங்கு உண்டு என்று முதலாளி எழுத்தில் கொடுத்தார். நான் எழுதிய கோடு எதையும்விட அந்த ஒரு பக்கம் அதிகம் வேலை செய்தது என்றுதான் நினைக்கிறேன்.

பதிவுகள் மெதுவாக வார நாட்களுக்கு நகர்ந்தன. எல்லாரும் மாறவில்லை, இரண்டு பேர் கடைசி வரை சனிக்கிழமைதான். டைரிக்காரர் டைரியை விடவும் இல்லை. ஆனால் ஒரு நாள் காலை எட்டரைக்கு எனக்கு போன் செய்து சத்தம் போட்டார். "கடைக்காரர் நேத்தே செக் கொடுத்துட்டாராமுங்க, உங்க போன் இன்னும் பாக்கின்னு காட்டுது. நான் போய்க் கேட்டு அசிங்கமாப் போச்சுங்க சார்."

டேலியிலிருந்து ராத்திரி ஒரு தடவைதான் எடுத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கே அதை மணிக்கு ஒரு தடவை என்று மாற்றினேன். அதுவரை அந்த மென்பொருளைப் பற்றி அவர்களில் யாரும் என்னிடம் ஒரு குறைகூடச் சொன்னதில்லை.