மின்சாரப் பல்துலக்கியால் பல்லையும் ஈறையும் துலக்கும் முறை

மின்சாரப் பல்துலக்கி என்பது கைப்பிடிக்குள் சிறிய மோட்டாரும் மின்கலமும் கொண்ட பல்துலக்கி ஆகும். பேச்சுவழக்கில் இதை எலெக்ட்ரிக் பிரஷ் என்பர். சாதாரணத் துலக்கியில் தேய்க்கும் வேலையைக் கை செய்கிறது. இதில் அதை மோட்டார் செய்கிறது. துலக்கியின் தலையை உரிய இடத்தில் வைத்து மெல்ல நகர்த்துவது மட்டுமே கையின் வேலை. இந்த வேறுபாட்டை அறியாமல், பழைய பழக்கத்திலேயே முன்னும் பின்னும் அழுத்தித் தேய்ப்பது புதிதாக வாங்குவோர் பலரும் செய்யும் தவறு.

1954-இல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கி வூக் உருவாக்கிய பிராக்சோடென்ட், இவ்வகையில் வெற்றிபெற்ற முதல் கருவி. கையசைவு குறைந்த நோயாளிகளையும் பற்களுக்குக் கம்பி கட்டியவர்களையும் மனத்தில் கொண்டு அது செய்யப்பட்டது. இன்று கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்றில் சிறிய வட்டத் தலை இருபுறமும் மாறி மாறிச் சுழலும். மற்றொன்றில் நீள்வடிவத் தலை மிக வேகமாக அதிரும். இதைச் சோனிக் வகை என்பர். 2014-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு மேல் மின்சாரத் துலக்கியைப் பயன்படுத்தியவர்களிடம், சாதாரணத் துலக்கி பயன்படுத்தியவர்களைவிடப் பற்படலம் 21 விழுக்காடும் ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைவாக இருந்தன. பயன் உண்டு, ஆனால் சாதாரணத் துலக்கியை முறையாகப் பயன்படுத்துபவர் கட்டாயம் இதற்கு மாற வேண்டும் என்பதில்லை.

ஈறும் பல்லும் சேரும் ஓரம்

பல்லின் நடுப்பகுதியை யார் துலக்கினாலும் ஓரளவு சுத்தமாகிவிடும். தவறவிடப்படுவது ஈறும் பல்லும் சேரும் ஓரம்தான். அங்கே ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் உண்டு. பாக்டீரியாக்கள் நிறைந்த பற்படலம் அதில் தங்கினால் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது இரத்தம் கசியும். இரத்தத்தைக் கண்டதும் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் துலக்குவது பலரின் வழக்கம். அப்போது படலம் மேலும் சேர்கிறது, அழற்சி கூடுகிறது. அந்த இடத்தை மென்மையாக, ஆனால் விடாமல் நாள்தோறும் துலக்கினால் கசிவு பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் குறையும். குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எந்தத் துலக்கியாலும் அதை எடுக்க முடியாது. கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையக்கூடும்.

துலக்கும் முறை

தலையை நனைத்துப் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை வைத்து, வாய்க்குள் கொண்டுசென்ற பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் அழுத்தினால் பசை கண்ணாடியெல்லாம் தெறிக்கும்.

ஒரு கோடியில் உள்ள கடைவாய்ப் பல்லின் வெளிப்புறத்தில் தொடங்குவது எளிது. வட்டத் தலையாக இருந்தால் ஒவ்வொரு பல்லிலும் ஓரிரு விநாடி நிறுத்தி, பல்லின் வளைவையும் ஈறின் வளைவையும் தொட்டபடி அடுத்த பல்லுக்கு நகர்த்த வேண்டும். சோனிக் வகையில் இழைகள் ஈறின் ஓரத்தை நோக்கிச் சுமார் 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்புறம் முடிந்ததும் உட்புறம், பிறகு மெல்லும் பரப்பு.

சில இடங்களுக்குத் தனிக் கவனம் தேவை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில், நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் துளைகள் இருப்பதால் காரை விரைவில் படியும். அங்கே துலக்கியைச் செங்குத்தாகப் பிடித்துப் பல் பல்லாகத் துலக்க வேண்டும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்துக்கு வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி இடம் கிடைக்காது. பாதி மூடினால் தலை எளிதாக உள்ளே போகும்.

மொத்த நேரம் இரண்டு நிமிடம். வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்தால் பகுதிக்கு 30 விநாடி. பல கருவிகள் இந்த இடைவெளியில் ஒருமுறை விட்டு அதிர்ந்து நினைவூட்டும். 32 பற்கள் உள்ளவருக்கு ஒரு பல்லுக்கு நான்கு விநாடிகூடக் கிடைப்பதில்லை என்பதால் இந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது.

அழுத்தம்

கைப்பிடியை முஷ்டியால் இறுகப் பற்றாமல் பேனாவைப் போல விரல்நுனிகளால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். மோட்டாரின் ஒலி மந்தமாவதும், இழைகள் சில வாரங்களிலேயே விரிந்துபோவதும் அளவுக்கு மீறி அழுத்துவதன் அடையாளங்கள். சில கருவிகளில் அப்போது சிவப்பு விளக்கு எரியும். தொடர்ந்து அழுத்தினால் ஈறு பின்வாங்கி, எனாமல் இல்லாத வேர்ப்பகுதி வெளியே தெரியும்; குளிர்ந்த நீர் பட்டாலே கூசும். பின்வாங்கிய ஈறு தானாக மீண்டும் வளர்வதில்லை.

பிற குறிப்புகள்

துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய ஃபுளோரைடு போய்விடும். நம்மில் பலருக்கு இது எளிதில் பழகாது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் துலக்கலைத் தவறவிடக் கூடாது. பற்களின் இடுக்குகளுக்குள் மின்சாரத் துலக்கியும் போகாது. அங்கே ஃபிளாஸ் நூலோ இடுக்குகளுக்கான சிறு தூரிகையோ வேண்டும்.

ஏழெட்டு வயது வரை குழந்தைகளுக்குப் பெரியவர் ஒருவர் உதவ வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி அளவு பசையே போதும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கருவியையும் அதன் சார்ஜரையும் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஈறில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் சொல்லும் வரை இதைப் பயன்படுத்தக் கூடாது.

தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இழைகள் விரிந்தால் அதற்கு முன்பே. தலையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் கறுப்பாக அழுக்குப் படியும். எனவே அவ்வப்போது தலையைக் கழற்றி இரண்டையும் தண்ணீரில் கழுவி, மூடி போடாமல் நிமிர்த்தி வைத்து உலரவிட வேண்டும்.