லிப்டை மிதிப்பது யார்?

சென்ற கோடை விடுமுறையில் என் பெரியப்பாவை வேலூருக்கு அழைத்துப் போயிருந்தேன். வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பயிர் செய்து வந்தவர், எண்பதைத் தாண்டியவர். அன்றுதான் முதன்முதலாக லிப்டில் ஏறினார். கதவு மூடியது, பெட்டி மேலே கிளம்பியது. பெரியப்பா கூரையை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, மேலே எவன் மிதிக்கிறான்?"

உடன் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளாகக் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறேன். இவ்வளவு பொருத்தமான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

பெரியப்பா இளவயதில் ஏற்றம் மிதித்தவர். நீங்கள் ஏற்றத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கிணற்றோரத்தில் உயரமான தூண். அதன் மேல் சீசா பலகையைப் போல ஒரு நீண்ட மரம். மரத்தின் முன் முனையிலிருந்து ஒரு கழி தொங்கும். கழியின் அடியில் சால். மரத்தின் மேல் ஓர் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். முன்னே நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் நீரோடு மேலே வரும். கீழே நிற்பவர் அதை வாய்க்காலில் கவிழ்ப்பார், எத்தனை சால் என்பதைப் பாட்டிலேயே எண்ணிக்கொண்டு. நடப்பவரின் எடை மாறுவதில்லை. தூணிலிருந்து அவர் நிற்கும் தூரம்தான் மாறுகிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள திருப்புத்திறன் இதுதான். கால் தவறினால் கிணறு!

இனி எகிப்துக்குப் போவோம். சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் ராம்சேஸ் காலத்தில் வாழ்ந்த இபுய் என்ற சிற்பியின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. ஒருவர் தோட்டத்துக்கு நீர் இறைக்கிறார். அதே தூண், அதே மரம், அதே வாளி. ஆனால் மரத்தின் மேல் ஆள் இல்லை! பின் முனையில் ஒரு கனமான உருண்டை மட்டும். அந்தக் கருவிக்கு 'ஷாதூப்' என்று பெயர். நெம்புகோல் விதியை ஆர்க்கிமிடிஸ் எழுதி வைப்பதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி இது.

அந்த உருண்டை எவ்வளவு கனம் இருக்க வேண்டும்? காலி வாளி 4 கிலோ, நீர் நிறைந்தால் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உருண்டை 20 கிலோவைச் சமன் செய்தால் நீர் தானாக மேலே வரும். ஆனால் காலி வாளியை இறக்க 16 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். நடுவில் 12 கிலோவைச் சமன் செய்யும்படி வைத்தால்? இறக்கும்போதும் 8, ஏற்றும்போதும் 8. மொத்த வேலை குறைவதில்லை, பங்கிட்டுக்கொள்கிறோம். அதோடு, கீழ்நோக்கி இழுக்க நம் உடம்பின் எடையே துணை செய்கிறது. முதுகுவலி மிச்சம்.

இப்போது லிப்டுக்குள் திரும்பி வாருங்கள். பெட்டி 800 கிலோ, அதில் ஏறக்கூடிய ஆட்கள் அதிகம் போனால் 600 கிலோ. பெட்டியைத் தாங்கும் கம்பிவடம் உச்சியில் ஒரு சக்கரத்தின் மேல் சென்று மறுபக்கம் இறங்குகிறது. அந்த முனையில் 1,100 கிலோ இரும்புப் பாளங்கள்! ஆள் நிறைந்த பெட்டியை ஏற்ற 1,400 கிலோவைத் தூக்க வேண்டாம், 300 போதும். பாதி ஆட்கள் இருந்தால் உராய்வை வெல்ல வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், காலி லிப்ட் கீழே இறங்கும்போதுதான் மோட்டார் பாடுபடுகிறது. இரும்பை மேலே தூக்க வேண்டுமே!

இதையெல்லாம் பெரியப்பாவுக்குச் சொன்னேன். "அப்போ ஆளுக்குப் பதிலா இரும்பு மிதிக்குதுன்னு சொல்லு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மிதித்த கிணறு இன்றும் இருக்கிறது. ஆனால் ஏற்றம் தன் நீளத்தை ஒட்டிய ஆழத்துக்குத்தான் எட்டும். இன்று அங்கே ஏற்றம் போட்டால் சால் நீரைத் தொடாது. நீர் அவ்வளவு கீழே போய்விட்டது.

ஊர் திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வந்த பாதைதான் அது. ரயில் போனதும் நீண்ட தடுப்புக்கம்பம் மேலே எழுந்தது. அதன் குட்டை முனையைப் பெரியப்பா எனக்கு முன்பே பார்த்துவிட்டார்.

"இங்கேயும் ஒருத்தன் மிதிக்கிறான் பாரு!"