குத்தகைக்கு விடும் முன் போட வேண்டிய கணக்கு

சம்பா அறுவடை முடிந்து, நெல் விற்ற பணம் கைக்கு வரும் மாசி, பங்குனியில்தான் காப்பீட்டு நிறுவனத்தின் டெவலப்மென்ட் ஆபீசர் ஊருக்குள் வருவார். பாலிசி பிடிக்க மட்டுமல்ல, ஏஜென்ட் பிடிக்கவும்தான். ‘ஊர்ல உங்களைத் தெரியாத ஆளே இல்ல தம்பி, ஒரு பைசா முதலீடு வேண்டாம்’ என்பார். டெல்டாவில் இரண்டு ஏக்கர் நெல்லும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கும் இளைஞருக்கு இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு முழுநேர ஏஜென்ட் ஆகிவிடலாமா என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது.

நுழைவது கஷ்டமில்லை. பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும். 25 மணி நேரப் பயிற்சி, பிறகு 50 கேள்விகள் கொண்ட தேர்வு. 35 சதவிகித மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஆனால், ஏஜென்ட் என்பவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. மாதச் சம்பளம் கிடையாது. விற்றால்தான் வருமானம்.

கமிஷன் விகிதம் நிறுவனத்துக்கும் திட்டத்துக்கும் ஏற்ப மாறும். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிரீமியம். முதல் ஆண்டு கமிஷன் 25 சதவிகிதம், பிறகு 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டில் ஒரு பாலிசிக்கு 3,000 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் 600 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் வேண்டுமென்றால் மாதத்துக்கு 5 புதிய பாலிசிகள், ஆண்டுக்கு 60. ஒரு பாலிசிக்கு எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியிருக்கும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். பெட்ரோலும் போன் செலவும் சொந்தக் காசு. இந்தக் கமிஷன் விவசாய வருமானமும் அல்ல. வருமான வரிக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும்.

முதல் பத்துப் பன்னிரண்டு பாலிசிகள் சுலபமாக வரும். மாமா போடுவார், மச்சான் போடுவார், சித்தப்பா முகத்துக்காக ஒன்று போடுவார். மொய் எழுதுவதுபோல எழுதிய பாலிசிகள் அவை. சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான். சித்தப்பா பிரீமியம் கட்ட மாட்டார். பாலிசி காலாவதியாகும். இடையில் நின்றால் கட்டிய பணம் முழுதாகத் திரும்பாது. ‘உன்னாலதான் போச்சு’ என்ற பேச்சு அடுத்த விசேஷ வீட்டில் கிளம்பும். அதற்குப் பயந்து ஏஜென்ட்டே தன் கையிலிருந்து பிரீமியம் கட்டுவதும் நடக்கிறது. பிறகு எங்கே வருமானம்? கமிஷனில் பங்கு தருகிறேன் என்று பாலிசி பிடிப்பது இன்னும் மோசம். 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆயுள் காப்பீடு விற்கப் போனாலும் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, ‘பயிர் இன்ஷூரன்ஸ் பணம் எப்ப வரும்?’ என்றுதான். அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

விவசாயியாக இருப்பதில் ஒரு பலமும் உண்டு. யார் வீட்டில் எப்போது பணம் புரளும் என்று அவருக்குத் தெரியும். சம்பா மட்டும் செய்பவருக்கு ஆண்டு பிரீமியத் தேதி மாசியில் விழ வேண்டும். ஐப்பசியில் விழுந்தால் உரக்கடைக் கடனோடு அதுவும் சேரும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவருக்கு மாதத் தவணை ஒத்துவரும். ஆலைப் பணம் தாமதமாகும் கரும்பு விவசாயிக்கு இரண்டுமே யோசித்துத்தான். இப்படிப் பார்த்துப் போட்ட பாலிசிகள்தான் நின்று, ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கமிஷன் தரும்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதில்தான் பெரிய ஆபத்து. ஏஜென்ஸி சரிவராவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் விட்ட நிலத்தை நினைத்த நேரத்தில் திரும்ப வாங்க முடியாது. 1955-ம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுபவரின் பக்கம் நிற்கிறது, அது நியாயமும்கூட.

அதனால் முதல் இரண்டு ஆண்டுகள் நிலமும் மாடும் அப்படியே இருக்கட்டும். மாலையில் சொசைட்டியில் பால் ஊற்றிய பிறகு கிடைக்கும் நேரம் பாலிசிக்கு. தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் முன் ஒரு நோட்டில் தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதி, சொந்தக்காரர்களை அடித்துவிட்டு, மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். இருபதுகூடத் தேறாவிட்டால் டெவலப்மென்ட் ஆபீசருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.