பெயர்க்காட்சியும் கைவினையும்

திரைப்படத்தின் தொடக்கத்தில் நடிகர், நெறியாளர், தொழில்நுட்பக் கலைஞர் முதலியோரின் பெயர்களைத் தாங்கிவரும் பகுதியைப் பெயர்க்காட்சி எனலாம். நெடுங்காலம் அது வெறும் அறிவித்தலாகவே கருதப்பட்டது. அவ்வறிவித்தல் கலைக்கூறாக மாறியவாற்றையும், அம்மாற்றத்திற் கைவினை பெற்ற இடத்தையும் அமெரிக்காவோடு தொடர்புடைய சில படங்களைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

முதலிற் செய்முறையை அறிதல் வேண்டும். பேசும்படச் சுருள் விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுவது. எனவே ஒரு நிமிடக் காட்சி 1,440 சட்டங்களைக் கொண்டது. வெட்டிய கடதாசியையோ ஒளிபுகு தாளில் வரைந்த எழுத்தையோ கமெராவின் கீழ் வைத்து, சிறிது சிறிதாக நகர்த்தி, சட்டம் சட்டமாகப் படம்பிடிப்பர். எழுத்தும் உருவும் தாமே அசைவன போன்ற தோற்றம் இவ்வாறே உண்டாகிறது.

இத்துறையிற் பெருந்திருப்பத்தை ஏற்படுத்தியவர் வரைகலைஞரான சோல் பாஸ். ஒற்றோ பிறெமிங்கர் நெறிப்படுத்தி 1955 இல் வெளிவந்த 'த மான் வித் த கோல்டன் ஆம்' போதைப்பழக்கத்திற்கு அடிமையான ஒருவனின் கதையாகும். அதன் பெயர்க்காட்சியிற் கரிய திரையிலே வெண்பட்டைகள் தோன்றி நகர்கின்றன. ஈற்றில் அவை முறுகிய கையொன்றாக உருக்கொள்கின்றன. கடதாசியில் வெட்டியெடுத்தாற் போன்ற அக்கையின் கோணலான விளிம்பு, ஊசிக்கு ஆட்பட்டவனின் அவலத்தைச் சொல்லின்றியே உணர்த்துகிறது. அச்சொழுங்குடைய நேர்கோடு இவ்வுணர்வைத் தந்திராது.

அல்பிரட் ஹிச்கொக்கின் 'சைக்கோ' (1960) படத்திற்கும் பாஸ் பெயர்க்காட்சி அமைத்தார். அங்கு கோடுகள் திரையைக் கிழித்தோடுகின்றன. எழுத்துக்கள் பிளவுண்டு, பொருந்தி, மீண்டும் சிதறுகின்றன. பிளவுண்ட உள்ளமொன்றைப் பற்றிய கதைக்கு எழுத்தின் பிளவே முன்னுரையாகிறது. 1964 இல் ஸ்ரான்லி குப்றிக்கின் 'டொக்டர் ஸ்ரேஞ்ச்லவ்' படத்திற்குப் பப்லோ பெரோ எழுதிய எழுத்துக்களோ மெலிந்து நெடிதுயர்ந்தவை. சிறுவனின் கையெழுத்தை ஒத்தவை. வானிலே போர் விமானத்திற்கு எரிபொருள் நிரப்பும் காட்சியின் மேல் அவை எழுதப்பட்டுள்ளன. அழிவுக்கருவியின் மேற் கிறுக்கல் எழுத்து வருதலால் அங்கதம் பிறக்கிறது.

அக்காலத்தில் வேறு வசதியின்மையாலேயே கைவினை கையாளப்பட்டது எனச் சிலர் கருதக்கூடும். பிற்கால வரலாறு இக்கருத்தை முற்றாக ஆதரிக்கவில்லை. கணினி வரைகலை வளர்ந்துவிட்ட 1995 இலும், 'செவன்' படத்திற்காகக் கைல் கூப்பர் எழுத்துக்களைக் கையாற் சுரண்டியே உருவாக்கினார். நடுங்கித் துடிக்கும் அவ்வெழுத்துக்கள் கொலைஞனொருவனின் மனத்தை நம்முன் நிறுத்துகின்றன. 'கச் மீ இஃப் யூ கான்' (2002) படத்திற் பணியாற்றிய பிரெஞ்சுக் கலைஞர்களான குன்ற்செல், டேகா இருவரும், கையாற் செதுக்கிய முத்திரைகளின் பதிவுகளைக் கணினியின் துணையுடன் அசைவித்தனர். கையும் கருவியும் பகையல்ல என்பதற்கு இது தக்க சான்று.

எனினும், கையாற் செய்யப்பட்டமை ஒன்றினாலேயே பெயர்க்காட்சி சிறப்படைவதில்லை. கதையோடு ஒட்டாத கோணல் வெறும் அலங்காரமே. பாஸின் வளைந்த கையும் கூப்பரின் கீறல்களும் நிலைத்தமைக்குக் காரணம், அவற்றின் ஒழுங்கின்மை கதைமாந்தரின் ஒழுங்கின்மையாக இருந்தமையே. ஒரு பெயர்க்காட்சியை நீக்கிவிட்டாலும் படத்தினுள் நாம் அதே மனநிலையோடு நுழைவோமாயின், அது இன்னும் அறிவித்தலாகவே நிற்கிறது எனக் கொள்ளலாம்.