கடல் கடந்த கவுண்டன்!

பாஸ்போர்ட் பாரத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, ஞாபகமிருக்கிறதா? பென்னாகரத்து நண்பர் அதில் அப்பா பெயரை எழுதித் தொலைத்தார். இப்போது துபாய் ஆபீஸில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். "எங்கப்பா ஊர்ல மாடு மேய்க்கிறார் சார்... அவரை எதுக்கு இங்க இழுக்கறாங்க?"

அவர் தாத்தாவானால் 'கவுண்டர்' என்று போட்டிருப்பார். அது ஒரே ஜாதியின் பெயரல்ல, பட்டம். தருமபுரிப் பக்கம் வன்னியருக்கு, கோவைப் பக்கம் கொங்கு வேளாளருக்கு, சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகளுக்கு. மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறி "நாம சொந்தமா?" என்று விசாரித்தால் டெப்போ வரைக்கும் முடிவு தெரியாது!

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 'பட்டத்தை விடுங்கள்' என்று தீர்மானம் போட்டது. மெல்ல மெல்ல இங்கே இனிஷியல் போதும் என்றாயிற்று.

அதற்கு முன்பே கப்பலேறியவர்கள்? சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' 1860 நவம்பரில் டர்பன் சேர்ந்தது. 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போனபடி இருந்தது. சேலம் ஜில்லாவிலிருந்தும் போனார்கள். (தருமபுரி அதிலிருந்து பிரிந்தது 1965-ல்தான்.) பிஜிக்கு 1903 முதல். பட்டமே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகி, தென்னாப்பிரிக்காவில் 'கவுண்டன்', பிஜியில் 'கவுண்டர்'. மரியாதை 'ர்' பிஜிக்கு மட்டும்!

வேர் தேடுகிற கொள்ளுப்பேரனுக்கு இந்தப் பட்டம் உதவாது. கப்பல் பதிவேட்டில் அப்பா பெயர், ஜில்லா, கிராமம் இருக்கும். அதுதான் துப்பு.

நண்பருக்குப் போனில் சொன்னேன். "அப்ப நான் எழுதினது சரிதானா?" என்றார், கொஞ்சம் தெம்பாக.