பல்செட்டுக்கும் அளவு உண்டு

அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்கிறது தலபுராணம். முதலைக்கு விழுந்த பல் ஆயுள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். மனிதருக்கு அந்த வசதி இரண்டு தடவையோடு சரி. பிறகு சொத்தையிலோ ஈறு நோயிலோ பல் போனால் கட்டித்தான் ஆக வேண்டும். சர்க்கரையும் புகையிலையும் அந்த நாளை முன்கூட்டியே கொண்டுவந்துவிடும். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டக் கத்திரி கையருகே இருக்கும்போதே நூலைப் பல்லால் கடித்து அறுப்பவர்களும் உண்டு. வருடக்கணக்கில் அப்படிச் செய்தால் முன்பல் விளிம்பில் சின்னக் காடி விழும்.

பல் கட்டுவது முகத்துக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சாப்பாட்டுக்காக என்பதே முதல் காரணம். பல் போனவர் தட்டிலிருந்து கீரைத்தண்டு, கொள்ளு, நிலக்கடலை, கறி எல்லாம் ஒவ்வொன்றாக விலகும். பன்னும் காப்பியும் ரசஞ்சோறும் மிஞ்சும். சர்க்கரை நோயாளிக்கு இதைவிட மோசமான பத்தியம் கிடையாது.

எந்த வகை?

ஒன்றிரண்டு பல் மட்டும் போயிருந்து பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்தால், கழற்றத் தேவையில்லாத பிரிட்ஜ் கட்டலாம். பல பற்கள் போயிருந்தால் கழற்றி மாட்டும் பகுதி பல்செட். இதில் அக்ரிலிக், வளையும் நைலான், மெல்லிய உலோகத் தகடு என்று வகைகள் உண்டு. எல்லாப் பல்லும் போனவருக்கு முழு பல்செட்.

மேல் செட் அண்ணம் முழுவதும் படிவதால் எச்சிலின் ஒட்டுதலிலேயே நிற்கும். கீழ் செட்டுக்கு உட்கார இடம் குறைவு, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். ‘மேல சரியா இருக்கு, கீழதான் ஆடுது’ என்ற புகாருக்குக் காரணம் இதுதான். வசதி உள்ளவர்கள் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட் வைத்து, அதன்மேல் செட்டைக் கிளிப் போல மாட்டிக்கொள்ளலாம். பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். செலவுதான் தடை. எலும்பின் நிலையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் பார்த்த பிறகே இம்பிளான்ட் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

சாம்பிள் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள்

பல்லைப் பிடுங்கியதும் தாடை எலும்பு கரையத் தொடங்கும். முதல் சில மாதங்களில் அது வேகமாகக் கரையும். அதனால்தான் புண் ஆறி ஈறு படியும்வரை சில வாரங்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். உடனடியாக வேண்டுமென்றால் தற்காலிக செட் கட்டலாம்; அது சீக்கிரமே தளர்ந்துவிடும் என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

முழு செட்டுக்குப் பல தடவை போக வேண்டியிருக்கும். ஈறுக்கு அளவு, கடிக்கு அளவு, பிறகு மெழுகில் பல்லைப் பதித்து ஒரு வெள்ளோட்டம். சாம்பிள் அப்ரூவல் ஆகாமல் திருப்பூரில் எந்த ஆர்டரும் மிஷினில் ஏறாது. இந்த மெழுகுக் கட்டமும் அப்படித்தான். கண்ணாடியில் பாருங்கள், சிரியுங்கள், வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பல்லின் நிறம், நீளம், உதடு உப்பலாகத் தெரிவது எதுவானாலும் அப்போதே சொல்லுங்கள். மெழுகில் மாற்றுவது சுலபம். அக்ரிலிக் ஆன பிறகு மாற்றச் சொன்னால் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

ஷிப்டை விட்டுவிட்டு இத்தனை தடவை எப்படிப் போவது என்ற கேள்வி நியாயமானது. அந்த நியாயத்தில்தான் ‘ஒரே நாளில் பல் கட்டப்படும்’ பலகைகள் பிழைக்கின்றன. பதிவு பெறாத ஆட்கள் பக்கத்துப் பல்லோடு கம்பி கட்டி, வாய்க்குள்ளேயே அக்ரிலிக்கை அப்பிவிடுவார்கள். அதைக் கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. கீழே ஈறு அழுகி, நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் ஆடும். பதிவு இல்லாதவர் பல் மருத்துவம் பார்ப்பது சட்டப்படி குற்றம்.

கோவையின் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் பக்கம் ஆர்.வி.எஸ். போன்ற பல் மருத்துவக் கல்லூரிகள் அவிநாசியிலிருந்து எட்டும் தூரம்தான். கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்து தருவதால் பொதுவாகச் செலவு குறையும், நாள் கூடும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் மருந்தகத்தில் முதலில் விசாரித்துவிடுங்கள். அவிநாசியைத் தொட்டுப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544 கேரளத்துக்குள் நுழைகிறது. அங்கே வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு ‘மந்தஹாசம்’ திட்டத்தில் அரசே இலவசமாகப் பல்செட் தருகிறது. தமிழகத்து முதியோருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

பழகும் காலம்

புது செட்டை வாய் அந்நியப் பொருளாகத்தான் எடுத்துக்கொள்ளும். எச்சில் ஊறும், ‘ச’வும் ‘ஸ’வும் குழறும். தினம் கொஞ்ச நேரம் பேப்பரைச் சத்தமாகப் படித்தால் நாக்கு பழகிவிடும். குழைந்த அரிசிம்பருப்புச் சோற்றில் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் சமமாக மெல்லுங்கள். முன்பல்லால் கடித்தால் செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஒட்டுதல் விடும். கொய்யாவைத் துண்டு போட்டுத் தின்னுங்கள். நூலைக் கடிக்கவே வேண்டாம்.

எங்காவது அழுத்திப் புண்ணானால் கத்தியாலும் உப்புத்தாளாலும் வீட்டிலேயே தேய்க்காதீர்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தைய சில மணி நேரம் செட்டை மாட்டியிருங்கள். தடம் சிவந்து தெரிந்தால்தான் எங்கே தேய்ப்பது என்று அவருக்குப் பிடிபடும். உடைந்தால் ஃபெவிக்விக் வேண்டாம்.

ராத்திரி கழற்றி வையுங்கள்

செட்டோடு தூங்கும் பழக்கத்தால் அண்ணம் செக்கச்செவேலென்று சிவந்து பூஞ்சை படரும். பலருக்கு வலியே இருக்காது என்பதுதான் சிக்கல். ஜப்பானில் 85 வயது கடந்த 524 பேரைக் கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது.

கழுவும்போது அடியில் தண்ணீர் நிரம்பிய பேசினோ மடித்த துண்டோ இருக்கட்டும்; கை வழுக்கினால் உடையாது. மெல்லிய பிரஷ்ஷும் சாதாரணச் சோப்பும் போதும். பேஸ்ட்டில் உள்ள நறநறப்பு கீறல் போடும், கீறலில் அழுக்கு தங்கும். வெந்நீரில் செட் கோணிப்போகும். இரவில் மூடி போட்ட டப்பாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஈறையும் நாக்கையும் மெல்லத் துடைத்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு பல் மட்டும் உள்ள சின்ன செட் ஆடினால் தூக்கத்தில் விழுங்கிவிடும் அபாயம் உண்டு. அக்ரிலிக் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, தேடுவது கஷ்டம்.

செட் தளர்ந்தால்

எலும்பு கரைவது நிற்பதில்லை. ஆரம்பத்தில் கச்சிதமாக இருந்த செட் சில வருடங்களில் லொடலொடக்கும். பவுடர் போட்டு ஒட்டிக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். உள்பக்கம் புது லைனிங் போடலாம், தேய்ந்திருந்தால் மாற்றலாம். தளர்ந்த செட் ஒரே இடத்தில் உரசி உரசிச் சதை வளரும். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணையோ வெள்ளைத் திட்டையோ ‘செட் உரசுது’ என்று விட்டுவிடக் கூடாது. ஹான்ஸ், வெற்றிலைப் புகையிலை போட்டவர்களுக்கு அது வாய்ப்புற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

வருடம் ஒரு தடவை டாக்டரிடம் வாயைக் காட்ட வேண்டும். உங்கள் வீட்டு அப்புச்சியோ ஆத்தாளோ பல்செட் போட்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிவப்போ புண்ணோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள்.