2018 மாடல் என்றால் எந்த 2018?

போன மாசியில் மச்சினனுக்குக் கார் பார்க்கப் போயிருந்தோம். நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பழைய கார் யார்டு. வெள்ளை ஃபோர்டு ஈகோஸ்போர்ட், பெட்ரோல், ஆட்டோமேட்டிக். "2018 மாடல் சார், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்றார் புரோக்கர். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நோயாளிகளைப் பார்க்க எப்படி நேரம் கிடைத்தது என்று தெரியவில்லை.

ஆர்.சி.யைக் கேட்டு வாங்கினேன். பதிவான தேதி 2018 ஜனவரி. உற்பத்தி மாதம் என்ற இடத்தில் 10/2017. கூட வந்த மெக்கானிக் அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. பத்தடி தள்ளி நின்றே, "இது பழைய முகம் சார், கிரில்லப் பாருங்க" என்றார்.

"மூணு மாசம்தானே மாமா, அதுல என்ன வந்துடப் போகுது?" என்றான் மச்சினன். அந்த மூன்று மாதத்தில் வந்தது என்ன என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஈகோஸ்போர்ட் 2013 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்தது. செங்கல்பட்டு போகிற வழியில் உள்ள மறைமலை நகர் ஆலையில் செய்த வண்டி. 2017 நவம்பரில் அதன் புதிய வடிவம் வந்தது. வெளியே பார்த்தால் முகப்பு மட்டும் மாறியது போலத் தெரியும். உள்ளே பெட்ரோல் இன்ஜினே வேறு: நான்கு சிலிண்டர் போய் 'டிராகன்' என்ற மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் இன்ஜின் வந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வேறு. அதற்கு முன்பு இருந்தது 'பவர்ஷிஃப்ட்' எனும் இரட்டைக் கிளட்ச் பெட்டி. பிறகு வந்தது டார்க் கன்வர்ட்டர் உள்ள வழக்கமான ஆறு கியர் பெட்டி.

பவர்ஷிஃப்டின் கதை ஊரறிந்தது. எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் இரண்டு. காலியான ரோட்டில் வெண்ணெய் மாதிரி போகும். தாம்பரம் முதல் கிண்டி வரை பம்பருக்குப் பம்பர் ஊர்ந்தால் கிளட்ச் சூடேறும், ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது வண்டி குலுங்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டால் நடுரோட்டில் நிற்கவும் கூடும். ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் மூன்றிலும் இருந்த இந்தக் கியர்பாக்ஸ் பற்றிய புகார்களை வாடிக்கையாளர்களிடம் கையாண்ட விதத்துக்காக, ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் ஃபோர்டின் அந்நாட்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

ஆக, 2017 அக்டோபரில் செய்த ஆட்டோமேட்டிக்கும் அதே ஆண்டு டிசம்பரில் செய்த ஆட்டோமேட்டிக்கும் பெயரில் மட்டும்தான் அண்ணன் தம்பி. இரண்டும் 2018 ஜனவரியில் பதிவாகியிருந்தால் இரண்டுமே '2018 மாடல்'. வருஷக் கடைசியில் வாங்குகிறவர்கள் மறுவிற்பனை மதிப்புக்காகப் பதிவை ஜனவரிக்குத் தள்ளுவது நம் ஊர் வழக்கம். அதில் தப்பு ஒன்றுமில்லை. தப்பு, பதிவான ஆண்டையே வண்டி பிறந்த ஆண்டாக எண்ணி நாம் விலை பேசுவது.

அதற்காகப் புதிய வடிவத்தின் முதல் வண்டியை ஓடிப்போய் வாங்கவும் வேண்டாம். 2017 நவம்பர் முதல் 2018 மார்ச் வரை தயாரான பெட்ரோல் ஈகோஸ்போர்ட்களில் 7,249 வண்டிகளை, இன்ஜினை ஆளும் மென்பொருளைப் புதுப்பிக்க ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஹூண்டாய் கிரெட்டாவிலும் இப்படி ஒன்று நடந்தது: 2023 பிப்ரவரி முதல் ஜூன் வரை தயாரான 1.5 பெட்ரோல் சி.வி.டி. ஆட்டோமேட்டிக் வண்டிகளை, எண்ணெய் பம்ப்பின் கட்டுப்பாட்டுக் கருவிக்காக 2024இல் திரும்ப அழைத்தார்கள். மாருதி பிரெஸ்ஸாவின் புதிய வடிவம் 2022 ஜூனில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் செய்த சில வண்டிகளில் முன்சீட் பெல்ட்டின் உயரத்தைச் சரிசெய்யும் பாகத்துக்காக ஓர் அழைப்பு வந்தது. இவற்றை வைத்து எந்த மாடலையும் கெட்டது என்று சொல்ல முடியாது. திரும்ப அழைப்பதே ஒழுங்கான கம்பெனியின் லட்சணம். நீங்கள் பார்க்கும் வண்டி அந்த அழைப்புக்குப் போய்வந்ததா என்பதுதான் கேள்வி. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் அந்தப் பழுதுபார்ப்புக்குக் காசு கிடையாது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், எந்த வடிவத்துக்கும் இரண்டாம் ஆண்டு வண்டிதான் நல்லது. முதல் ஆண்டுக்காரர்கள் காசு கொடுத்துப் பரிசோதித்து வைத்திருப்பார்கள்.

ஆண்டு மட்டும் போதாது என்பதற்கு டிராகன் இன்ஜினே சாட்சி. அதன் டைமிங் பெல்ட் ரப்பர். இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். அதற்கு முன்பு வந்த ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட்டிலும் அப்படித்தான். சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி நேரத்துக்கு மாற்றினால் பிரச்சினை இல்லை. கிடைத்த ஆயிலை ஊற்றி, இரண்டு சர்வீஸைத் தள்ளிப்போட்டால் பெல்ட் துகள் துகளாக உதிரும். துகள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பிறகு இன்ஜினுக்கே ஆபத்து. டிராகன் இன்ஜின் வண்டியில் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை விட ஆயில் மாற்றிய பில்தான் எனக்கு முக்கியம். எழுபதாயிரம் ஓடி எல்லா பில்லும் இருக்கிற வண்டி, முப்பதாயிரம் ஓடி ஒரு பில்லும் இல்லாத வண்டியை விட மேல்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்தது இன்னொரு கோடு. அதற்குப் பிந்தைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கும். பிடித்த கரியை எரிக்க நீண்ட ஓட்டம் தேவை. வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து வீடு என்று மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடிய பி.எஸ்.6 டீசலில் இந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும்; மாற்றுகிற செலவு சின்னதல்ல. 'கம்மியாக ஓடிய வண்டி' என்று சொல்லி விற்பது இங்கே சிபாரிசு இல்லை, எச்சரிக்கை. பெட்ரோலுக்கு 2023 ஏப்ரல் ஒரு கோடு: அதன் பிறகு தயாரானவை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பர், உலோகப் பாகங்களோடு வந்தவை. அதற்கு முந்தைய வண்டி என்றால் கையேட்டில் எந்த அளவுக்கு அனுமதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022இல் மறைமலை நகர் ஆலையின் கதவை மூடியது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடர்கின்றன. ஆனால் விபத்தில் உடையும் முகப்பு விளக்கு, கதவு மாதிரியானவற்றுக்குக் காத்திருக்க நேரலாம். இதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். வண்டியின் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி, காகிதத்தை நம்பாமல் வண்டியிடமே கேட்கக்கூடிய சில கேள்விகள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1917 என்றால் 2017ஆம் ஆண்டின் 19ஆம் வாரம். நாங்கள் பார்த்த வண்டியில் மீட்டர் 31,000 காட்டியது. நான்கு டயரும் 2022இல் செய்தவை. முதல் செட் டயர் முப்பதாயிரத்துக்குள் தேய்ந்து போயிற்றா? பின்னால் தொங்கிய ஸ்டெப்னி மட்டும் 2017. பிரேக் பெடலின் ரப்பரில் கோடுகளே இல்லை, வழவழவென்று இருந்தது. மீட்டரைத் திருப்பி வைக்கிறவர்கள் பெடலை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது சீட் பெல்ட். அதை முழுசாக, கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் ஒரு துணிச்சீட்டில் அது தயாரான தேதி இருக்கும். வண்டியின் வயதோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஏதோ விபத்தில் பெல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். இழுத்த பெல்ட்டின் அடிப்பகுதியில் மண்நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் சென்னையில் எத்தனையோ கார்களைக் கழுத்தளவு முக்கி எடுத்தன. சீட்டைக் கழுவலாம், மேட்டை மாற்றலாம். பெல்ட் சுருளுக்குள் போன சேறு அவ்வளவு எளிதில் வெளியே வராது.

சோதனை ஓட்டத்துக்கு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக்கை பைபாஸில் ஓட்டிப் பயனில்லை, சிக்னல் நெரிசலில் இருபது நிமிஷம் ஊரவிடுங்கள்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை வரும்? யார் விற்றார் என்பதைப் பொறுத்தது. வியாபாரியிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம். மீட்டர் மாற்றியது, வெள்ள வண்டியை மறைத்தது, ஆண்டைப் பொய்யாகச் சொன்னது எல்லாம் நியாயமற்ற வணிக நடைமுறைக்குள் வரும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தனிநபரிடம் வாங்கினால் இந்த வழி கிடைக்காது; ஒப்பந்தச் சட்டப்படி சிவில் நீதிமன்றம்தான். அங்கே ஒரு சிக்கல்: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் நீயே கண்டுபிடித்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் உற்பத்தி மாதத்தைப் படிக்காதவருக்கு அங்கே பதில் சொல்வது கஷ்டம்.

2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். அது இல்லாமல், ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்று உரிமை மாற்றப் படிவம் 29, 30 இரண்டையும் மேஜை டிராயரில் வைத்திருப்பவரிடம் வாங்குவது உங்கள் தைரியம். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு முப்பது நாள். கார் கடனில் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் சேர்ந்து வர வேண்டும். இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாக வரும், உங்கள் வண்டிச் சேதத்துக்கானது வராது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியுடையது அல்ல. ஆனால் அந்தப் பாலிசியை வாங்கிப் பாருங்கள். 50 சதவீதம் என்றிருந்தால் தொடர்ந்து ஐந்து ஆண்டு கிளெய்ம் வாங்கவில்லை என்று பொருள். 'விபத்தே இல்லை சார்' என்பவரின் பாலிசியில் பூஜ்யம் இருந்தால் பேச்சைத் தொடர ஒரு விஷயம் கிடைத்தது.

யார்டில் நாங்கள் சண்டை போடவில்லை. விலை கூட ஓரளவு படிந்திருந்தது. மச்சினன் முன்பணத்துக்குப் பணத்தை எடுத்த பிறகு, ரசீதில் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன்: உற்பத்தி 10/2017, மீட்டர் 31,000 சரியானது, வெள்ளத்திலோ பெரிய விபத்திலோ சிக்கியதில்லை. புரோக்கர் முதல் வரியைச் சிரித்தபடியே எழுதினார். இரண்டாவது வரிக்குப் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "டீ சொல்லட்டுமா சார்?" என்றார்.